வருகைக்கு ஒரு சாட்சி

— எழுதுங்க, போர்ஃபிரியா. "மனிதகுலத்தின் அறிவுப் பயணம், முதல் மாணவன் முதல் ஆசானின் எதிரே வந்து அமர்ந்த நொடியில் தொடங்கிற்று. அமர்தலே அறிவு. வராதவனுக்கு வானமும் இல்லை." முற்றுப்புள்ளி.

— எழுதிட்டேன் டாக்டர். முதுகலை வகுப்புல நாலு நாற்காலி கால் ஒடஞ்சு கெடக்குன்னு போன மாசமே சொன்னேன். அதையும் இதுலயே சேத்துரவா?

— இது சுற்றறிக்கைங்க. தச்சனுக்கு எழுதுற சீட்டு இல்ல.

— எனக்கென்ன. வானத்துக்கு அப்புறம் என்ன?

— "ஆகவே முதுகலை மாணவர் அனைவரும் வேலை, குடும்பம், மழை, பேருந்து வேலைநிறுத்தம் எதையும் காரணம் காட்டாது மாலை வகுப்புகளுக்கு நேரில் வருதல் வேண்டும். வருகை குறைந்தவரின் ஆய்வேடு ஏற்கப்படாது. இப்படிக்கு, டாக்டர் எலாதியோ ஃப்ருத்தோஸ், முதுகலைப் படிப்பு ஒருங்கிணைப்பாளர்." அந்த 'டாக்டர்' கொஞ்சம் பெருசா வரட்டும்.

— போன தடவையே பெருசாத்தான் போட்டேன். இதுக்குமேல பெருசாக்கினா உங்க பேரு அடுத்த பக்கத்துக்குப் போயிரும். டாக்டர், வெளிய ஒரு பொண்ணு காலையில இருந்து நிக்குது. ஜெருத்தி ஓவெலார்.

— எந்த ஜெருத்தி?

— உங்க வகுப்புதான். ஆய்வு நெறிமுறை. கண்ணாடி போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காருமே.

— ஓ, வருகை குறைஞ்சவளா? வரச்சொல்லுங்க. அப்படியே குடிக்கத் தெரெரேயும் ஊத்துங்க, இலையும் ஐஸும் இருக்குல்ல? ஆஸ்பத்திரிக்கு அனுப்புற வெயில் அடிக்குது. இதுல தொண்டை காஞ்சுக்கிட்டு நியாயம் பேச முடியாது.

— வா கண்ணு. உக்காரு. ஐயோ, அதுல வேணாம், அது ஆடும். இதுல உக்காரு.

— வணக்கம் டாக்டர்.

— வா மகளே. கருத்தளவில் பாத்தா, நீ வந்து நிக்கிறதே நல்ல மாற்றம். வர்றதுதானே உங்கிட்ட பிரச்சனை. கடுதாசி கெடைச்சுதா?

— கெடைச்சுது டாக்டர்.

— படிச்சியா?

— படிச்சேன். ஆய்வேட்டை எடுத்துக்க மாட்டோம்னு போட்டிருந்துச்சு. கீழ உங்க கையெழுத்து. அதான் திரும்பவும் படிச்சேன்.

— என் கையெழுத்துல என்ன சந்தேகம்?

— உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் டாக்டர். நான் ஏன் வரலைன்னு.

— எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு. காரணம் கேட்டுக் கேட்டே எனக்குக் காது அடைச்சுப்போச்சு. கருத்தளவில், காரணம்ங்கிறது வராதவனோட இலக்கியம்.

— இதையும் சுற்றறிக்கையில போடவா டாக்டர்?

— போடுங்க. மகளே, முன்வரிசையில இருந்த ஆளு நீ. திடீர்னு வரிசையா ஒன்பது மாலை காணோம். ஏன்?

— அப்பா செத்துட்டாரு.

— அடடா.

— ஒன்பது நாள் ஜெபம் வீட்டுல. பேரு கூப்பிடுற நேரமும் ஜெபம் தொடங்குற நேரமும் ஒண்ணு.

— ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ? இந்தா, முதல்ல இதைக் குடி. புதினா போட்டிருக்கேன்.

— நன்றி அக்கா.

— நன்றின்னு சொல்லிட்டியே! நன்றின்னா போதும்னுல்ல அர்த்தம், ஒரு இழுப்புகூட இழுக்காம சொன்னா நான் எப்படி மறுபடி ஊத்துறது? சரி, சொன்னதைச் சொல்லலன்னு வெச்சுக்கிறேன். குடி. சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன்னு நெனைக்கிறேன்.

— என் ஆழ்ந்த அனுதாபம், மகளே. மனசார. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அப்பா, அம்மா தவறினா மூணு நாள். ஒன்பது இல்ல.

— மூணு நாளுக்கு ஒருத்தரும் ஜெபம் பண்றதில்லையே டாக்டர்.

— கருத்தளவில் நீ சொல்றது சரி. ஆனா போன வருஷம் ஒருத்தன் தாத்தாவுக்கு ஒன்பது நாள் ஜெபம்னு எழுதிக் குடுத்துட்டு, பிரேசில் எல்லையில டயர் வாங்கப் போயிட்டான். தாத்தாவே வந்து அவனைத் தேடினாரு.

— இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. அதுக்கப்புறந்தான் அது ஆட ஆரம்பிச்சுது.

— அதனாலதான் நான் பன்னிரண்டாம் பிரிவை எழுதினேன். நானே உக்காந்து எழுதினது. "துக்க வீட்டில் மாணவர் இருந்ததை, பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் நேரில் கண்டதாகக் கையெழுத்திட்டால், ஒன்பது நாளும் வருகையாகவே கொள்ளப்படும். ரெக்டரின் ஒப்புதலுக்கு உட்பட்டு." மனிதாபிமானம் இருக்கு, அதே சமயம் ஓட்டையும் இல்ல.

— ஒரு ஆசிரியர் கையெழுத்துப் போட்டா போதுமா டாக்டர்?

— போதும். ஆனா நேரில் கண்டிருக்கணும். கேள்விப்பட்டேன், ஃபோன்ல சொன்னாங்க, இதெல்லாம் செல்லாது.

— போடலைன்னா?

— வகுப்பைத் திரும்பப் படிக்கணும். அடுத்த வகுப்பு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தொடங்கும்.

— நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துல டிசம்பருக்குள்ள பட்டம் கேக்குறாங்க டாக்டர். குடுத்தா நிரந்தரம் பண்ணுவாங்க. இல்லன்னா அந்த எடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க.

— என்ன பொண்ணு இது, டிவில வானிலை வாசிக்கிற மாதிரி சொல்லுது! கொஞ்சம் அழுதுதான் சொல்லேன் கண்ணு, அவரும் எறங்கி வருவாரு.

— வரமாட்டேங்குது அக்கா. முயற்சி பண்ணிப் பாத்தேன்.

— கண்ணீரால விதி மாறாது, போர்ஃபிரியா. ஆசிரியர் யாராவது உங்க வீட்டுக்கு வந்தாங்களா மகளே?

— வந்தாங்க டாக்டர். நீ...

— வந்திருந்தாலும் ஒரு நாள் தலையைக் காட்டிட்டுப் போயிருப்பாங்க. அது எப்படி ஒன்பது நாளுக்குச் சாட்சியாகும்? இப்பல்லாம் யாரு துக்கத்துக்கு ஒழுங்கா போறா? கைபேசியில ஒரு சிலுவைப் படத்தை அனுப்பிட்டுக் கால்பந்து பாக்கப் போயிடுறாங்க. வருகைன்னா என்னன்னு நான் சொல்றேன், கேளு. இதே மாசம், இதே மாதிரி ஒரு ஒன்பது நாள் ஜெபம். நான் ஒரு நாள்கூடத் தவறல. ஒரு மாலை கூட!

— தொடங்கிட்டாரு. நீ குடி கண்ணு, இது நேரமாகும்.

— நம்ம ரெக்டரோட தகப்பனார் தவறினாருல்ல? ஓய்வுபெற்ற நீதிபதி. செர்ரோ கோரா தெருவுல வீடு. ஒன்பது நாளும் துறையின் பிரதிநிதியா நான் போய் உக்காந்தேன்.

— செர்ரோ கோரா தெருவுலயா டாக்டர்?

— ஆமா மகளே. கொளுத்துற வெயில்ல ஆரம்பிச்சு இடிமழையில முடிஞ்சுது. நான் நகரல.

— அந்த ஒன்பது நாளும் மாலையில உங்களுக்கு வகுப்பு இருந்துச்சே.

— நான் பணி நிமித்தமா வெளியில இருந்தேன். அது வருகையாதான் கணக்கு. வகுப்பும் நிக்கல. போர்ஃபிரியா பாத்துக்கிட்டாங்க.

— நான் பேரு கூப்பிட்டேன். அவங்க "இருக்கேன்"னாங்க. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். மணி ஆனதும் எழுந்து போனாங்க. டாக்டர் இருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான்.

— போர்ஃபிரியா!

— கூட்டம் கொஞ்சம் கொறைவா இருக்கும்னு சொல்ல வந்தேன்.

— நான் சொல்ல வந்தது வேற. ஒரு பெரிய மனுஷனோட சாவுன்னா என்னன்னு அங்கதான் கண்டேன். எனக்கு அந்த வீடு முன்னபின்ன தெரியாது. தெரு முனையில வண்டியை நிறுத்திட்டுப் பாக்குறேன், கூட்டம்! தெருவை அடைச்சுப் பந்தல். யாரையும் வழி கேக்கவே வேண்டியதில்ல. இவ்வளவு ஜனம் வேற யாருக்கு வரும்? நேரா போய் ஆம்பளைங்களோட மாமரத்தடியில உக்காந்துட்டேன்.

— உள்ள போகலையா டாக்டர்?

— உள்ள பொம்பளைங்க ஜெபம் சொல்லிக்கிட்டிருக்காங்க, ஆம்பளைக்கு அங்க என்ன வேலை? ரெக்டரும் குடும்பமும் உள்ளதான் இருந்திருப்பாங்க. துக்கத்துல இருக்கிறவரைப் போய் நான் வந்திருக்கேன்னு தொல்லை பண்றதா? நம்மளைக் கவனிக்க வேண்டியவங்க கவனிப்பாங்க.

— கவனிச்சாங்களா? ஜெபத்துக்கு வந்தவங்களுக்கு எல்லாம் ரெக்டர் ஆபீசுல இருந்து நன்றி அட்டை வந்துச்சு. கணக்குப் பிரிவுல எல்லாருக்கும் வந்துச்சு. தோட்டக்காரருக்குக்கூட வந்துச்சு. உங்களுக்குத்தான் வரல.

— நெருக்கமானவங்களுக்கு அட்டை அனுப்ப மாட்டாங்க, போர்ஃபிரியா. நேர்ல கூப்பிட்டுச் சொல்லுவாங்க. அடுத்த டீன் யாருன்னு அவரு எப்ப அறிவிக்கிறாரு? வெள்ளிக்கிழமை. அன்னைக்குக் கூப்பிடுவாரு.

— மரத்தடியில என்ன பேசிக்கிட்டாங்க டாக்டர்?

— பாத்தியா, இப்பதான் ஒரு ஆராய்ச்சி மாணவி மாதிரி கேக்குற. அந்த மனுஷனைப் பத்தி ஒவ்வொருத்தனும் ஒரு கதை வெச்சிருந்தான். எல்லாம் ஏழை பாழைங்க. ஒருத்தன் சொல்றான், "யாரு கை காட்டினாலும் நிப்பாரு." ஒரு நீதிபதி! கை காட்டினவனுக்கெல்லாம் நின்னு குறை கேட்டிருக்காரு!

— நீதிபதியா?

— ஆமா, போர்ஃபிரியா. இன்னொருத்தன், "வயசானவங்க படியேறி முடிக்கிற வரைக்கும் பொறுமையா காத்திருப்பாரு"ங்கிறான். நீதிமன்றத்துப் படி எவ்வளவு செங்குத்து! கெழவி ஏறி வர்ற வரைக்கும் தீர்ப்பு சொல்லாம காத்திருக்காரு மனுஷன். எனக்குப் புல்லரிச்சுப்போச்சு.

— எனக்கும் என்னமோ பண்ணுது டாக்டர்.

— அந்தத் தெரு வழியா போற நகரப் பேருந்தெல்லாம் வாசல்ல நின்னு, நீளமா ஒரு ஹாரன் அடிச்சுட்டுத்தான் போச்சு. நீதித்துறைக்கு மக்கள் குடுக்குற மரியாதை! கடைசி நாள் ஓட்டுநர் ஒருத்தர் எறங்கி வந்து தொப்பியைக் கழட்டி நின்னாரு. என்னால தாங்க முடியல. வெளிப்படையா சொல்றேன், அழுதுட்டேன்.

— நீங்க உக்காந்திருந்தது எதுல டாக்டர்?

— எதுலயா?

— நாற்காலியா?

— முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம் எனக்குன்னு ஒரு எடம் அமைஞ்சுபோச்சு. மரத்தை ஒட்டி நீளமா ஒரு பழைய இருக்கை, பச்சை ரெக்சின் போட்டது. நல்ல வேலைப்பாடு. பழைய குடும்பங்கள்லதான் அந்த மாதிரி சாமான் இருக்கும்.

— அது பஸ் சீட்டு டாக்டர்.

— என்னது?

— அப்பா ஓட்டுன முதல் வண்டியை ஒடைச்சப்போ அந்த சீட்டைக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. ராத்திரி அதுலதான் படுப்பாரு. அது எங்க வீடு.

— இரு. இரு மகளே. உங்க அப்பா என்ன வேலை பாத்தாரு?

— பஸ் ஓட்டினாரு.

— இல்ல, கருத்தளவில்... ரெக்டர் வீட்டுல நான்... பந்தல் இருந்துச்சே. கூட்டம் இருந்துச்சே!

— அப்பா வண்டியில போனவங்க டாக்டர். ரெக்டரோட அப்பா வீடு எதிர்ல. வெள்ளை மதில், பெரிய இரும்புக் கேட்டு. அவங்க ரெண்டாம் நாள்ல இருந்து கேட்டை மூடிட்டுத்தான் ஜெபம் பண்ணாங்க. பத்துப் பேரு இருந்திருப்பாங்க. ஏசி போட்டிருந்ததால சத்தம் வெளிய கேக்காது.

— அது வங்கின்னுல்ல நெனச்சேன்!

— சாயந்தரமா கடைசி கடைசியா கெளம்புறவரு நீங்கதான். நான் அடுப்படி ஜன்னல் வழியா பாப்பேன்.

— பாத்தியா? பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லல?

— எனக்காக வந்திருக்கீங்கன்னு நெனச்சேன் டாக்டர். வகுப்பை விட்டுட்டு எனக்காக தினமும் வர்றீங்களேன்னு. அதனாலதான் லீவுக்கு எழுதிக்கூடக் குடுக்கல. நேர்ல பாத்துக்கிட்டே இருக்கீங்களே, எழுதினா தப்பா நெனைப்பீங்களோன்னு தோணிச்சு.

— டாக்டர், தெரெரே உங்க கையிலயே நிக்குது. குடிச்சிட்டுக் குடுங்க, அடுத்த ஆளுக்கு ஊத்தணும்.

— எனக்கு வேணாம். நன்றி.

— நன்றியா? பதினோரு வருஷத்துல முதல் தடவையா சொல்றாரு.

— இது இந்த அறையைவிட்டு வெளிய போகக் கூடாது. மூணு பேரோட நிக்கணும். போர்ஃபிரியா, கதவைச் சாத்துங்க.

— சாத்தினா காத்து வராது. சாத்தினேன். இப்ப பன்னிரண்டாம் பிரிவுக் காகிதத்தை எடுக்கவா? ஆசிரியர் இருக்காரு, நேர்ல கண்டிருக்காரு, ஒன்பது நாளும். இந்த ஊருல இதைவிட நல்ல சாட்சி எந்தப் பொண்ணுக்குக் கெடைக்கும்?

— யோசிச்சுப் பேசுங்க. அந்தக் காகிதம் ரெக்டர் ஒப்புதலுக்குப் போகும். ஒன்பது மாலையும் ஓவெலார் வீட்டுல இருந்தேன்னு நான் கையெழுத்துப் போட்டா, அவரோட தகப்பனாருக்கு ஒரு மாலைகூடப் போகலன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? பணி நிமித்தம்னு வேற பதிவு பண்ணியிருக்கேன். வெள்ளிக்கிழமை டீன் அறிவிப்பு!

— இந்தப் பிரிவை எழுதினது யாரு?

— நான்தான். தெரியாமலா கேக்குறீங்க? மகளே, நீயே சொல்லு. நீ படிச்ச பொண்ணு. ரெண்டு வருஷம் ஒரு பெரிய விஷயமா? உனக்கு வயசு இருக்கு.

— சரி டாக்டர்.

— பாருங்க, புரிஞ்சுக்கிட்டா.

— என்ன சரி? எழுந்திரிக்காத, உக்காரு! இவரு உங்க வீட்டு மரத்தடியில குளிர்காஞ்சதுக்கு நீ ரெண்டு வருஷம் குடுப்பியா? வாயைத் தொறந்து கேளு, கண்ணு!

— என்ன கேக்குறதுன்னு தெரியல அக்கா. ஆனா மறைக்கிறதுல பிரயோஜனம் இல்ல டாக்டர். ரெக்டர் ஏற்கனவே பாத்துட்டாரு.

— யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. எதிர்வீட்டு மாடியில நின்னு சிகரெட் குடிப்பாரு. மரத்தடி அங்கிருந்து நேரா தெரியும்.

— என்னைப் பாத்தாரா?

— தினமும்.

— டாக்டர்? தண்ணி வேணுமா?

— போர்ஃபிரியா. காகிதத்தை எடுங்க.

— எந்தக் காகிதம்?

— பன்னிரண்டாம் பிரிவு! சீக்கிரம். ரெக்டர் பாத்திருக்காரு. என்ன பாத்திருக்காரு? ஒரு ஒருங்கிணைப்பாளர், ஒரு டாக்டர், தன்னோட சாதாரண மாணவி ஒருத்தியோட தகப்பனுக்காக, ஒரு ஓட்டுநருக்காக, ஒன்பது மாலையும் மழையில நனைஞ்சு உக்காந்திருக்கிறதைப் பாத்திருக்காரு! எதிர்ல அதிகாரத்தோட கேட்டு. அந்தப் பக்கம் திரும்பல அந்த மனுஷன். ஏழை வீட்டுல உக்காந்தான்! இதைவிடப் பெரிய தகுதி டீனுக்கு என்ன வேணும்? எழுதுங்க.

— எழுதுறேன், எழுதுறேன். மூச்சு விடுங்க.

— "ஆசான் என்பவன் வகுப்பறையோடு முடிந்துபோகிறவன் அல்லன். மாணவியின் துயரில் பங்கேற்கவே யான் நாள்தோறும் அவ்வில்லம் ஏகினேன்." மகளே, ஒத்துக்கிறல்ல? கருத்தளவில் நான் உனக்காகத்தான் வந்தேன்.

— இல்ல டாக்டர்.

— கருத்தளவில்!

— உங்க இஷ்டம், எழுதிக்கோங்க டாக்டர்.

— "...அங்கு மாணவி ஜெருத்தி ஓவெலார் ஒன்பது நாளும் இருந்ததை நேரில் கண்டேன்." கண்டேன்தானே?

— நீங்க என்னைப் பாக்கல. நான் உங்களைப் பாத்தேன்.

— ஒரே வீடுதானே? அதெல்லாம் கண்டதுதான். குடுங்க பேனாவை. இந்தா. தேதி. முத்திரை எங்க? நல்லா அமுக்கிக் குத்துங்க, 'டாக்டர்' தெளிவா விழணும். இந்தா மகளே. நீயே கையோட ரெக்டர் ஆபீசுல குடுத்துரு. ஆய்வேட்டையும் இன்னைக்கே குடு.

— சரி டாக்டர்.

— அப்பாடா. எனக்கே கண்ணு கலங்குது கண்ணு. உனக்கு ஒண்ணுமே ஆகலையா?

— கை மரத்த மாதிரி இருக்கு அக்கா. ஐஸ் போட்ட கோப்பையைப் பிடிச்சிருந்ததால இருக்கும்.

— மகளே, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. ரெக்டர் மேல இருந்து பாத்தாருன்னியே, வெறுமே பாத்தாரா, இல்ல என்னைப் பத்தி ஏதாவது விசாரிச்சாரா?

— விசாரிச்சாரு டாக்டர். ஏழாம் நாள் தெருவைத் தாண்டி எங்க வீட்டுக்கே வந்தாரு. அப்பா படத்துக்கு முன்னாடி நின்னுட்டு, வெளிய வந்து, மரத்தடியில உக்காந்திருக்கிறவரு யாருன்னு கேட்டாரு.

— யாருன்னா கேட்டாரு? இருட்டுல சரியா தெரிஞ்சிருக்காது. நீ சொன்னியா, இன்னாருன்னு?

— நான் அடுப்படியில இருந்தேன். எங்க அத்தைகிட்ட கேட்டாரு. அத்தைக்கு உங்களைத் தெரியாது.

— அத்தை என்ன சொன்னாங்க?

— சாப்பாட்டுக்கு வர்றவருன்னு சொன்னாங்க டாக்டர். போகும்போது தினம் ஒரு பொட்டலமும் கேட்டு வாங்கிட்டுப் போவாருன்னு.